காலை ஒன்றரை மணி நேரம்

கருப்பாயிக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் மட்டும் பற்றாமல் போனது. விடிகாலை ஐந்து மணிக்கு அவள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும். புருஷன் ராமச்சந்திரனுக்கு ஸ்டோரில் இரவு வேலை. ரப்பர் ஷீட்டு காயும் புகைக்கூட்டுக்கு விடிய விடிய விறகு தள்ளிவிட்டு, கண் சிவந்து, சட்டையெல்லாம் புகை நாறி, ஆறரைக்குத்தான் லயத்துக்கு வந்து சேருவான். ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் மாமனார் முத்துவீரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மிச்ச நேரத்தையெல்லாம் புருஷனும் பெண்சாதியும் அப்படி இப்படி இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிட்டார்கள். இந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் ஒரு வழியும் பிறக்கவில்லை.

வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். புகைக்கூட்டில் இரண்டு பேர் மாறி மாறி நின்ற காலம் ஒன்று இருந்தது. மற்றவன் போன வருடம் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். பதில் ஆள் போடுகிறோம் என்று ஆபீசில் சொன்னார்கள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்த நேரம் அது. சொன்னதெல்லாம் நடக்கிற நேரமல்ல. பால் வெட்டோ, அதைவிட மோசம். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். வீட்டில் கிழவன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது என்று மரம் காத்துக்கொண்டிருக்குமா?

தெஹியோவிட்டவிலிருந்து பஸ் போகிற ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே இறங்கினால் அந்தத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்துக் காம்பரா வீடுகள் ஒரு லயம், அதில் எட்டாவது காம்பரா இவர்களுடையது. முன்னால் ஒரு இஸ்தோப்புத் திண்ணை, உள்ளே ஒரே அறை, மூலையில் அடுப்பு. ராமச்சந்திரன், கருப்பாயி, ஒன்பது வயது மகள் சீதா, கிழவர், ஆக நாலு உயிர். காம்பராவுக்குப் பின்னால் ஒரு கறவை மாடும் நாலு மரவள்ளிச் செடியும் உண்டு.

முத்துவீரனுக்கு நோய் என்று சொல்ல உடம்பில் ஒன்றுமில்லை. எழுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையவில்லை. நினைப்புத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இன்னும் சோறு போடவில்லையே என்பார். வேட்டியை நனைத்துவிட்டு, மழை ஒழுகுது பாரு, கூரையைப் பார்க்கச் சொல்லு என்பார். செத்துப் போய்ப் பன்னிரண்டு வருடமான பெண்சாதி பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கருப்பாயியைச் சில நாள் மருமகள் என்று தெரியும். சில நாள் பக்கத்து லயத்துப் பெண் என்று நினைத்து, வந்த காரியம் என்ன என்று மரியாதையாகக் கேட்பார்.

கருப்பாயி ஒன்றும் பொறுமையின் மறு பிறவியல்ல. நாலு மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து, கிழவருக்குச் சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர் நனைத்த சாக்கைத் தூக்கி வெளியே போடுகிற வரைக்கும் அவள் வாய் ஓயாது. "என் தலையெழுத்து" என்பாள். "மகன்காரன் நல்லா நெருப்புக் காஞ்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான், மூத்திரச் சாக்கு எனக்கு" என்பாள். ஆனால் கை மட்டும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரொட்டியின் கருகாத நடுப்பகுதியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்து அவர் கையில் வைத்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள்.

அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார், சீதா பக்கத்தில் படுத்திருப்பாள் என்றுதான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு போனாள். இரண்டு தடவை மட்டும் பாதி வெட்டில் நிமிர்ந்து பார்த்தபோது, இவள் வெட்டிக்கொண்டிருந்த துண்டிலேயே வந்து நின்றிருந்தார். தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, திட்டிக்கொண்டே கூட்டிப் போய் வீட்டில் விட்டு வந்தாள். அன்றைக்கெல்லாம் பால் குறைந்தது, கங்காணியிடம் பேச்சு வாங்கினாள்.

ஒரு ஆள் ஒரு காலையில் வெட்டி முடிக்கக்கூடிய மரங்களைத் துண்டு என்பார்கள். கருப்பாயிக்கு மேல் துண்டு, கீழ் துண்டு என்று இரண்டு. இன்றைக்கு மேல் என்றால் நாளைக்குக் கீழ். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மரத்தில் கத்தி படலாம், நடுவில் மரத்துக்கு ஓய்வு. ஓய்வு மரத்தை வெட்டினால் பட்டை காய்ந்து மரம் வற்றிப் போகும். தோட்டத்தில் கொலைக் குற்றத்துக்கு அடுத்த குற்றம் அது. அதிலும் அந்த ஆவணி மாதம் பக்கத்துப் பிரிவில் யாரோ ஓய்வு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி, சிரட்டையில் உறைந்த பாலைச் சாக்கில் கட்டிக் கடைக்கு விற்றது பிடிபட்டிருந்தது. தோட்டத்து அதிகாரிகளான மாத்தயாமார் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மழை. வெட்டு இல்லை. புதன்கிழமை கருப்பாயி கீழ் துண்டில் வெட்டிக்கொண்டிருந்தபோது, கங்காணி செல்லையா ஆள் விட்டு அவளை மேல் துண்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

போய்ப் பார்த்தால், நாற்பது மரத்துக்கு மேல் புதிதாக வெட்டியிருந்தது. ஓய்வு நாளில் கவிழ்த்து வைக்கிற சிரட்டைகளெல்லாம் நிமிர்த்தி வைக்கப்பட்டு, வெட்டுக் கோட்டு வழியே பால் வடிந்து சொட்டிக்கொண்டிருந்தது. செல்லையா கங்காணி ஒரு மரத்தடியில் நின்றார். பக்கத்தில் சின்ன மாத்தயா. வந்து ஆறு மாதமான இளம் பிள்ளை, களனிப் பக்கத்துக்காரர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

"இது யாரு துண்டு?" என்று கேட்டார் செல்லையா. தெரியாமல் கேட்கவில்லை.

"என் துண்டுதாங்க. ஆனா நான் வெட்டலீங்க. நான் இப்ப கீழ் துண்டுல நிக்கிறேன், ஒங்களுக்கே தெரியும்."

"இருட்டுல இங்க வெட்டிட்டு, வெளுத்ததும் கீழ போயி நின்னுருக்கலாம்ல? அந்தியில வந்து ஒறஞ்ச பால எடுத்துட்டுப் போனா யாருக்குத் தெரியும்?"

கருப்பாயி பதினாறு வயதிலிருந்து பால் வெட்டுகிறவள். அவள் வாளியில் தண்ணீர் கலந்தாள் என்றுகூட ஒருத்தர் சொன்னதில்லை. சின்ன மாத்தயா சிங்களத்தில் கங்காணியிடம் ஏதோ சொன்னார். சிங்களம் அவளுக்கு நன்றாகவே புரியும். விசாரணை முடியும் வரை இவளுக்கு வேலை கொடுக்க வேண்டாம், குற்றம் உறுதியானால் காம்பராவையும் காலி பண்ணச் சொல்லு என்றார். கத்தியையும் வாளியையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கையோடு, பட்டப்பகலில், பாதி வெட்டை விட்டுவிட்டு அவள் லயத்துக்கு நடந்தாள். வழியில் பார்த்தவர்களெல்லாம் என்ன என்று கேட்டார்கள். அவள் அவமானத்தில் நிற்காமல் போனாள்.

வீட்டுக்கு வந்தால் ராமச்சந்திரன் தூங்குகிறான், கிழவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். அழுதுகொண்டிருந்தால் துணி துவைந்துவிடுமா என்று, நனைந்த சாக்கையும் கிழவர் காலையில் அவிழ்த்துப் போட்ட வேட்டியையும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். வேட்டியை விரித்துக் கல்லில் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. முழங்காலுக்கு மேலே, பால் வெட்டுகிறவர்கள் விரலைத் துடைக்கிற அதே இடத்தில், நாலு விரல் அகலத்துக்குப் பால் பட்டு இழுபட்டு ஒட்டியிருந்தது. இன்னும் கறுக்கவில்லை. ரப்பர் பால் துணியில் ஒரு நாள் கிடந்தால் கறுத்துவிடும்.

துவைக்காமலே திரும்பி வந்து கிழவரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகத்தடியிலும் பால் இருந்தது. கூரைத் தகரத்துக்கும் விட்டத்துக்கும் நடுவில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்த அவருடைய பழைய கத்தியைக் காணோம். தேடினால், அவர் உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியில் கிடந்தது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள்.

சீதா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டாள். "சில நாளு தாத்தா காலையில எந்திரிச்சு ஒதுங்கப் போவாரும்மா. அப்பா வர்றதுக்குள்ள வந்துருவாரு" என்றது பிள்ளை. அதற்கு என்ன தெரியும்! பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்ட மனிதர். அவர் விட்ட இரண்டு துண்டைத்தான் மருமகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்தியில் ராமச்சந்திரன் வேலைக்குக் கிளம்புமுன் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. வேட்டியைக் காட்டியதும் இடது கையால் அந்தக் கறையைத் தடவிப் பார்த்தான்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றான்.

"சொல்லாம? திருடின்னு பேரு வாங்கிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"சொன்னா என்னாகும்னு யோசி. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னுவாங்க. இல்லாட்டி லயத்துல வச்சிருக்காதன்னுவாங்க. இந்தத் தோட்டத்துலயே நல்ல வெட்டுக்காரன்னு பேரெடுத்த மனுசன். கடைசிக் காலத்துல மரங் கெடுத்தவன்னு பேரு வாங்கணுமா?"

"அப்ப என் பேரு? அது பேரு இல்லியா?"

"விசாரணைன்னு சும்மா சொல்லுவாங்க. பத்து நாளுல மறந்துருவாங்க."

"காம்பராவ விடச் சொன்னா எங்க போறது? ஒங்க ஒருத்தர் பேருல எத்தனை நாளைக்கி ஒண்டுறது? நான் அவருக்கு மூணு வருசமா மூத்திரச் சாக்கு அலசுறேன். அதுக்கு மேல திருடிப் பட்டமும் சுமக்கணும்னா, என்னால முடியாதுங்க."

ராமச்சந்திரன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான். கோபமா, வெட்கமா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவனுக்கே விளங்கியிருக்காது.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, கத்தியில்லாமல் வாளியில்லாமல், கருப்பாயி பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். ஆட்கள் கலைந்ததும் சின்ன மாத்தயாவின் முன்னால் வந்து, வேட்டியை விரித்துக் காட்டி, சிங்களத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். சின்ன மாத்தயா கங்காணியைப் பார்த்தார். செல்லையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முத்துவீரனா? தன் வீட்டு வாசல் தெரியாத மனுசன், துண்டு கண்டுபிடிச்சு நாப்பது மரம் வெட்டினாரா? நல்லா ஆளப் பாத்துப் போடுறியே பழிய."

"இப்பவே வாங்க கங்காணியாரே. எறங்குற நேரந்தான். நீங்களே பாருங்க. நான் சொன்னது பொய்யின்னா இன்னைக்கே காம்பராவ விட்டுட்டுப் போயிர்றேன்."

மூவரும் லயத்துக்குப் போய் வாழை மரத்தடியில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டாம் காம்பராக் கதவு திறந்தது. கிழவர் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு இறங்கினார். பகலில் இரண்டடி வைக்கத் தயங்குகிறவர், அந்த மசங்கல் இருட்டில் குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று நடந்தார். நேரே கீழ் துண்டு. கருப்பாயி நேற்றுப் பாதி வெட்டிவிட்டுப் போன மரங்கள். முதல் மரத்தை இடது கையால் தடவினார். வெட்டுக் கோட்டில் பெருவிரலை ஓட்டி, காய்ந்த பாலை இழுத்து உரித்தார். சிரட்டையை நிமிர்த்தினார். பிறகு கத்தியை வைத்துப் பின்பக்கமாக நடந்துகொண்டே ஒரே இழுப்பாக இழுத்தார். நூல் போல பட்டைச் சீவல் விழுந்தது. பால் வந்தது.

ஏழு மரம் அப்படியே வெட்டினார். சின்ன மாத்தயா கிட்டப் போய் டோர்ச் அடித்து, வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "துவாலயக்வத் நே" என்றார் கங்காணியிடம். கத்தி ஆழமாக இறங்கிய காயம் மரத்தில் ஒன்றுகூட இல்லையாம். தோட்டத்தில் மாதாமாதம் காயக் கணக்குப் பார்க்கிறவர் அவர். அந்தக் கணக்கில் அடிபடாத வெட்டுக்காரர் ஒருத்தரும் கிடையாது.

வெளிச்சம் முகத்தில் பட்டதும் கிழவர் கையைக் கட்டிக்கொண்டு, "சலாங்க தொர" என்றார். எப்போதோ கப்பலேறிப் போன ஏதோ வெள்ளைக்காரத் துரையாக நினைத்தாரோ என்னவோ. சின்ன மாத்தயா சங்கடப்பட்டு டோர்ச்சை அணைத்தார். கருப்பாயி போய்க் கையைப் பிடித்து, வாங்க மாமா, தேத்தண்ணி ஆறுது என்றாள். முரண்டு பிடிக்காமல் வந்துவிட்டார்.

அன்றைக்கே கத்தியும் வாளியும் திரும்பக் கிடைத்தன. மறுநாளிலிருந்து பெரட்டில் அவளுக்குப் பெயரும் நாள் கூலியும் உண்டு. கூடவே ஒரு உத்தரவும் வந்தது: கிழவர் இனி ஒரு மரத்தில் கத்தி வைத்தாலும் காம்பராவை விட வேண்டியதுதான். ஆளைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. சின்ன மாத்தயா இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொன்னால்தான் என்ன, மெதுவாகச் சொன்னால்தான் என்ன? அந்த ஒன்றரை மணி நேரம் அப்படியேதான் இருந்தது.

முதலில் பிள்ளைக் காம்பராவை நினைத்தாள். பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டவள் புஷ்பம். கருப்பாயிக்குச் சிறு வயதிலிருந்தே கூட்டாளி. "பதினோரு புள்ளையோட பன்னெண்டாவது புள்ள. கொண்டாந்து விடு" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. கிழவர் தொட்டில்களை வரிசையாக ஆட்டினார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாவுருண்டையில் தனக்கும் பங்கு கேட்டார். நாலாம் நாள் தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, இதென்ன கூத்து, கிழவனிடமிருந்து பிள்ளைக்கு ஏதாவது ஒட்டினால் யார் பதில் சொல்வது என்று புஷ்பத்தைப் பிடித்து ஏசினார். புஷ்பத்தின் வேலைக்கே ஆபத்து என்றானதும் கருப்பாயி தானே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பால் கத்தியை ஒளித்து வைத்தாலும் அடுப்படிக் கத்தியோடு இறங்கிவிடுவார்.

அதற்குப் பிறகுதான் கயிறு.

மாட்டுக் கயிற்றின் நுனியில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, கிழவரின் கணுக்காலில் கட்டி, மறுமுனையை இஸ்தோப்புக் கால் தூணில் முடிந்தாள். ராமச்சந்திரன் கட்டவில்லை, அவள்தான் கட்டினாள். ஆறரைக்கு அவன் வந்து அவிழ்ப்பான். கட்டுகிற நேரத்தில் கிழவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, தெரிந்தால் சும்மா இருப்பாரா என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பெரட்டுக்கு ஓடுவாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். அதுவே அவளுக்கு முள்ளாகக் குத்தியது. யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பதிலுக்கு இவளும் திட்டித் தீர்த்திருப்பாள்.

கட்டுகிற நேரத்தில் பேசாதவர், கட்டி முடித்ததும் மட்டும் தனக்குள் முணுமுணுப்பார். "இன்னைக்கி மேல்" என்பார். மறுநாள் "இன்னைக்கி கீழ்" என்பார். அவள் மேல் துண்டுக்குப் போகிற நாளில் அவர் கீழ் என்பார். எல்லாமே தப்புத்தான் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாளோ என்னவோ காலையில் மறுபடியும் மழை பிடித்து வெட்டு நின்றது. அதற்கு மறுநாள் அவர் "இன்னைக்கி கீழ்" என்றார். அன்றைக்கு அவளும் கீழ் துண்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அடுத்த நாளும் சரியாகச் சொன்னார், அதற்கு அடுத்த நாளும்.

மரத்தில் கத்தியை வைத்தபடி அவள் யோசித்தாள். பிறகுதான் விளங்கிற்று. மழை நாளில் வெட்டு இல்லை என்றால், விட்டுப்போன துண்டை மறுநாள் வெட்டுவது வழக்கம். கிழவர் மழை நாளையும் வெட்டு நாளாகச் சேர்த்து எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை மழையில்தான் ஒரு நாள் பிசகியது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அவர் தன் துண்டுக்கு வந்தது இவளைத் தேடியல்ல, வேலைக்கு. இரண்டாவது மழையில் பிசகு பிசகோடு சேர்ந்து சரியாகிவிட்டது. பெண்சாதி செத்ததை மறந்த மனிதர், எந்த நாள் எந்த மரம் என்பதை ஒரு நாள்கூட விடாமல் எண்ணி வைத்திருக்கிறார். இதெல்லாம் தெரிகிற ஆளுக்குக் கயிறு மட்டும் தெரியாமலா போகும் என்ற நினைப்பு வந்தது. அன்றைக்குக் கை தவறி மரத்தில் ஒரு காயம் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கணுக்காலில் துணி விலகி, தோல் வழன்று, சிவந்து நீர் கட்டியிருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டாள். ராமச்சந்திரன் குனிந்து பார்த்துவிட்டு, நாளைக்கு மற்றக் காலில் கட்டு என்றான்.

"இனிமே கட்ட மாட்டேன்" என்றாள்.

"அப்ப?"

"என்கூட கூட்டிட்டுப் போறேன். அன்னன்னிக்கி என்ன துண்டோ அந்தத் துண்டுக்கு. அவரு ஒரு பக்கம் வெட்டட்டும், நான் ஒரு பக்கம்."

"ஒனக்கும் மூள கழண்டு போச்சா? ஒரு மரத்துல கத்தி வச்சாலும் காம்பராவ விடணும்னு சொல்லிருக்காங்க."

"ஓய்வு மரத்துல வச்சாத்தான மரங் கெடும்? அவருக்கு நாள் தெரியுதுங்க. மழைய மட்டுந்தான் எண்ணத் தெரியல. அத நான் எண்ணிக்கிறேன்."

"கங்காணி ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்காட்டி நீங்க வேலைய விட்டுட்டு வந்து ஒக்காருங்க. இல்லாட்டி நான் ஒக்காருறேன். ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லுங்க. கயிறு மட்டும் இனி என் கையால கெடையாது. அதையும் பாத்துக்கிட்டு சும்மா நின்னீங்களே, ஒங்களப் பெத்தவருதான அவரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவனும் எத்தனை பக்கம்தான் இழுபடுவான்? ஆனால் அவளுக்கு அன்றைக்கு யாரையும் பாவம் பார்க்கிற மனநிலை இல்லை.

அந்தியில் செல்லையா கங்காணியின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மழைக் கணக்கைச் சொன்னபோது அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். சட்டத்தில் இடமில்லை என்றார். பெயர் இல்லாத ஆள் மரத்தில் கத்தி வைத்தால் நாளைக்கு ஒன்று என்றால் தன் தலைதான் உருளும் என்றார். அவள் போகாமல் நின்றாள். கடைசியில், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நாளைக்கி நான் மத்தப் பக்கந்தான் மொதல்ல போவேன். ஒன் துண்டுக்கு எட்டு மணிக்கு மேலதான் வருவேன். அதுக்குள்ள யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ஓய்வு மரத்துல கத்தி பட்டுச்சு..."

"படாதுங்க."

"சின்ன மாத்தயா கேட்டா?"

"காயத்தப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் கருப்பாயி.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஓடி வந்து, கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மேல் துண்டுக்குப் போனாள். கணுக்கால் புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தது. லேசாக நொண்டினார். மரத்தடிக்குப் போனதும் நொண்டல் தெரியவில்லை. அவர் ஒரு வரிசை, இவள் அடுத்த வரிசை. சிரட்டை நிமிர்த்துவதை இரண்டு வரிசைக்கும் இவளே பார்த்துக்கொண்டாள். ஏழு மணிக்கெல்லாம் பாதிக்கு மேல் வெட்டாகிவிட்டது. தனியாக வெட்டினால் அவ்வளவுக்கே எட்டரை ஆகும். ஏழு மணிக்கு ராமச்சந்திரன் துண்டுக்கு வந்து தகப்பனைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவன் வந்தான். ஒரு மரத்தடியில் நின்று தகப்பனின் வெட்டைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவாலையை விரித்து உட்கார்ந்தான். இவள் ஏசவில்லை.

இப்படி ஒரு மாதம் ஓடிற்று. நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. சில நாள் நடுவில் கத்தியைப் போட்டுவிட்டு மரத்தடியிலேயே ஒன்றுக்கு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அட்டை கடித்து ரத்தம் ஓடியதைப் பார்த்துக் குழந்தை போல அழுதார். மழைக்கு மறுநாள்களில் மட்டும், "நேத்து மழ மாமா, வெட்டு இல்ல. நேத்துத் துண்டுதான் இன்னைக்கி" என்று அவள் சொல்லிவிடுவாள். அவர் வானத்தைப் பார்ப்பார், விரலை மடக்கி நிமிர்த்துவார், ஆமாம் என்பார். சாக்கு அலசுவது நின்றுவிடவில்லை, அவள் வாயும் நின்றுவிடவில்லை. தூணில் கயிறு மட்டும் இல்லை.

மரத்தடியில் அவருக்கு அவளை யாரென்று தெரியாது. முதல் சில நாள் அவள், "நான்தான் மாமா, கருப்பாயி, ஒங்க மருமக" என்று சொல்லிப் பார்த்தாள். "எம் மருமக பேரும் அதுதான்" என்று ஆச்சரியப்பட்டாரே தவிர நம்பவில்லை. பிறகு அவள் விட்டுவிட்டாள். யாராக இருந்தால் என்ன, மரம் வெட்டானால் சரி.

ஐப்பசி பிறந்து ஒரு காலை. பனி விலகாத நேரம். இருவரும் ஒரே மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்து சேர்ந்தார்கள். கிழவர் கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எந்த லயத்துப் புள்ள நீ? கை நல்லாருக்கு."

"இங்கதாங்க, பக்கத்து லயம்."

"எம் மருமகளும் வெட்டுக்காரிதான். நல்ல புள்ள. வாயி மட்டும் கொஞ்சம் நீளம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கொஞ்ச நாளு என்னயக் கயித்துல கட்டிப் போட்டுச்சு."

கருப்பாயிக்குக் கத்தி பிடித்த கை அப்படியே நின்றது. முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்க சத்தம் போடலியா?" என்று கேட்டாள்.

"சத்தம் போட்டா அது எப்பிடி வேலக்கிப் போகும்? நேரமாச்சுன்னா பேரு கெடைக்காதே. கட்டுறப்ப அதுக்குக் கையி நடுங்கும், முடிச்சு விழாது. அதுனால நானே காலத் தூணுக்கிட்ட நீட்டிக் குடுத்துருவேன்."

அவர் நீட்டித்தான் கொடுத்திருந்தார். கொலுசு போடக் காலை நீட்டுகிற பிள்ளை போல, புத்தி கெட்டுத்தான் நீட்டுகிறார் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்திருந்தாள். கண் மறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, துடைத்த கையாலேயே அவர் பக்கத்துச் சிரட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் இப்பிடிச் சொன்னேன்னு அதுகிட்டச் சொல்லிராத தாயி" என்றார் கிழவர். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. தெரிஞ்சா அதுக்கு மனசு தாங்காது."

சொல்ல மாட்டேன் என்றாள் கருப்பாயி.